‘உங்க எடை என்ன?’ - பனி வண்டியின் ‘டங்’ சத்தத்துக்கு ஒரு மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி!

பனியில் ஓடும் வண்டி என்றதும், பஞ்சு மெத்தைமேல் மிதந்து போவதுபோலத்தான் நமக்குத் தோன்றும். நேற்று இரவு பெய்த புதுப் பனியில் அது உண்மையும்கூட. ஆனால், நூறு வண்டிகள் போய்வந்த தடத்தில் கதையே வேறு!

ஸ்னோமொபைலுக்குப் பின்சக்கரம் கிடையாது. அகலமான ஒரு ரப்பர் பெல்ட்தான் சுழன்று வண்டியைத் தள்ளும். வேகமெடுக்கும்போது அந்த பெல்ட் பனியைப் பறித்துப் பின்னால் வீசும். பிரேக் பிடித்தால் முன்னால் குவிக்கும். ஒரு வண்டி செய்யும் சின்னப் பள்ளத்தை அடுத்த வண்டி கொஞ்சம் ஆழமாக்கும். அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். சனிக்கிழமை காலையில் சலவைக்கல் மாதிரி இருந்த தடம், ஞாயிறு மாலைக்குள் மேடும் பள்ளமுமாக அலையடிக்கத் தொடங்கிவிடும். இரவுக் குளிரில் அது இறுகினால், கல்லுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

அந்த மேடு பள்ளங்களில்தான் அந்தச் சத்தம் கேட்கும். ‘டங்!’

பள்ளத்தில் வண்டி இறங்கும்போது சஸ்பென்ஷன் அமுங்க வேண்டும். அமுங்க இடமே இல்லாமல் கடைசி வரை போய் இரும்பு முட்டினால் வருகிற சத்தம் அது. ஸ்னோமொபைல் ஓட்டுபவர்கள் இதை ‘பாட்டமிங்’ என்பார்கள். நம் ஊர் மெக்கானிக் பாஷையில், ‘ஷாக் அடி தட்டுது.’ பின்சீட்டில் ஆளை ஏற்றிக்கொண்டு ஸ்பீடு பிரேக்கரில் பைக்கை விட்டவர்களுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல.

“இனிமே நான் வரலை!”

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், நிக்கல் சுரங்கங்களுக்குப் பேர்போன சட்பரியில் வசிக்கிறது அந்தத் தம்பதி. கணவருக்கு 54 வயது, சுரங்கத்தில் வேலை. மனைவிக்கு 51; பள்ளி அலுவலகத்தில் பணி. பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். நீண்ட குளிர்காலத்தில் இருவருக்கும் இருக்கும் ஒரே பொழுதுபோக்கு, வார இறுதியில் ஒரே வண்டியில் உட்கார்ந்து காட்டுத் தடங்களில் போவது. காலையில் கிளம்பினால் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் நிறுத்தி, பிளாஸ்கில் இருக்கும் சூப்பைக் குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்புவார்கள்.

இதற்கான தடங்களுக்கு அங்கே குறைவில்லை. உள்ளூர் கிளப்களின் தன்னார்வலர்கள் பராமரிக்கும் தடங்கள் மாகாணம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. இரவு நேரங்களில் பெரிய டிராக்டர்களைக் கொண்டு பனியைச் சீவி, சமன்படுத்திவிட்டுப் போவார்கள். இந்தத் தடங்களில் மணிக்கு 50 கிலோமீட்டர்தான் சட்டப்படியான வேகம். ஆனால், ஓர் ஆழமான பள்ளம் முதுகைப் பதம்பார்க்க அந்த வேகமே தாராளம்.

போன குளிர்காலத்தின் நடுவில் மனைவி சொல்லிவிட்டார். “இனிமே நான் வரலை. நீங்க தனியா போயிட்டு வாங்க. என் முதுகு தாங்காது.”

அவர் மிகைப்படுத்தவில்லை. இரண்டு பேர் உட்காரும் ஸ்னோமொபைலில் பின்னால் இருப்பவருக்குத்தான் அடி அதிகம். ஓட்டுகிறவருக்கு முன்னால் பள்ளம் தெரியும். முழங்காலை மடக்கிக் கொஞ்சம் எழுந்துகொள்வார். கைப்பிடி இருக்கிறது; பாதி அதிர்ச்சியைக் கையும் காலும் வாங்கிக்கொள்ளும். பின்னால் இருப்பவருக்குத் தெரிவது கணவரின் முதுகு மட்டும்தான். எப்போது அடி வரும் என்று தெரியாது. வருவதும் நேராக உட்காரும் எலும்புக்கு வரும். அங்கிருந்து முதுகெலும்பு வழியாக மேலே ஏறும்.

30 சென்டிமீட்டரும் 3 சென்டிமீட்டரும்

இந்த அடி ஏன் இவ்வளவு ஆபத்தானது என்பதை ஒரு சின்னக் கணக்கில் புரிந்துகொள்ளலாம்.

அரை மீட்டர் உயரத்திலிருந்து ஒருவர் கீழே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை 30 சென்டிமீட்டர் தூரத்துக்குள் மெதுவாக அமுக்கி நிறுத்தினால், உடல் தாங்க வேண்டிய கூடுதல் விசை சராசரியாக அவர் எடையைப்போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். அதே ஆளை 3 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால்? கிட்டத்தட்ட 17 மடங்கு! உயரமும் ஆளும் அதேதான். நிறுத்தும் தூரம் பத்தில் ஒன்றானதும், விசை பத்து மடங்காகிவிட்டது.

சஸ்பென்ஷன் என்பது அந்த 30 சென்டிமீட்டரைச் சம்பாதித்துக் கொடுக்கும் ஏற்பாடு. அடி தட்டும்போது, அந்தத் தூரம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மீதியைச் சீட்டின் பஞ்சும் முதுகெலும்பின் வட்டுகளும்தான் சமாளிக்க வேண்டும். ஸ்னோமொபைல் விபத்துகளில், உயரத்திலிருந்து உட்கார்ந்த நிலையிலேயே இறங்கியவர்களுக்கு முதுகெலும்பு நசுங்கி முறிவது மருத்துவர்கள் நன்கு அறிந்த காயம். மார்பு முதுகெலும்பும் இடுப்பு முதுகெலும்பும் சேரும் இடம்தான் அதில் அதிகம் பாதிக்கப்படுகிறது.

மனைவிக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. தசைப்பிடிப்பும் வலியும்தான். ஆனால், திங்கள்கிழமை காலையில் நாற்காலியிலிருந்து எழவே சிரமப்பட்டார். அதனால்தான் கணவர் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார். மனைவியையும் கூடவே கூட்டிப்போனார்.

ஒரு தந்தையின் துயரத்தில் பிறந்த வண்டி

அந்த மெக்கானிக் கடைக்குள் போவதற்கு முன், இந்த வண்டியின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இருக்கிறது வால்கூர் என்ற சின்ன ஊர். 1930-களில் அங்கே குளிர்காலம் வந்தால் சாலைகள் பனியில் புதைந்துவிடும். அந்த ஊரில் ஜோசஃப்-அர்மான்ட் பாம்பார்டியர் என்ற இளம் மெக்கானிக், பனியில் ஓடும் வண்டிகளைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். 1934-ம் ஆண்டின் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் நோயில் விழுந்தான். மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. குழந்தை இறந்துபோனது.

அதன்பின் அவர் ஓயவில்லை. பல் சக்கரமும் ரப்பர் பெல்ட்டும் சேர்ந்து இயங்கும் அமைப்புக்கு 1937-ல் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் உட்காரும் அவருடைய பனி வண்டிகள் மருத்துவர்களையும் தபாலையும் சுமந்து ஓடின. ஒருவர் இருவர் உட்காரும் சின்ன வண்டியான ‘ஸ்கீ-டூ’ 1959-ல் வந்தது. இன்று வார இறுதியில் காட்டுக்குள் போகும் வண்டிகளுக்கெல்லாம் அது மூத்த அண்ணன்.

அந்த ஆரம்ப கால வண்டிகளில் பெல்ட்டுக்குள் சின்னச் சின்னச் சக்கரங்கள்தான் இருந்தன. அவற்றுக்குக் கொஞ்சம் ஸ்பிரிங். அமுங்கும் தூரம் மிகக் குறைவு. பிறகு சக்கரங்களின் இடத்தில் நீளமான இரண்டு தண்டவாளங்கள் வந்தன. அவற்றின்மேல் பெல்ட் வழுக்கிக்கொண்டு ஓடும். இன்றைய பயண வண்டிகள் பலவற்றில் பின்பக்கம் சுமார் 35 சென்டிமீட்டர் அமுங்கும். இவ்வளவு தூரம் இருந்தும் ஏன் அடி தட்ட வேண்டும்?

மெக்கானிக் கொண்டுவந்த எடை மெஷின்

“பின் ஷாக் ரெண்டையும் மாத்திடுங்க. இருக்கிறதுலயே நல்லதா, விலை கூடுனதா போட்டுடுங்க” என்றார் கணவர்.

பல வருடங்களாக இதே வேலையில் இருக்கும் அந்தப் பெரியவர் தலையாட்டவில்லை. “அதை அப்புறம் பார்க்கலாம். உங்க எடை என்ன?”

“85 கிலோ.”

“எப்போ?”

மனைவி சிரித்துவிட்டார். பெரியவர் உள்ளே போய் ஒரு எடை மெஷினை எடுத்துவந்து தரையில் வைத்தார். “ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாத்தையும் போட்டுக்கிட்டு ஏறுங்க. வண்டி உங்களை அப்படித்தானே தூக்குது?”

முள் 104-ல் நின்றது. மனைவி ஏறினார். 78. பின்னால் மாட்டும் பெட்டியில் இருக்கும் துணி, ஸ்பேனர்கள், சாப்பாடு எல்லாம் சேர்த்து 14. மொத்தம் 196 கிலோ!

“கம்பெனிக்காரன் சராசரி ஆளை மனசுல வெச்சு ஸ்பிரிங் போடுறான். நீங்க ரெண்டு சராசரி ஆளுக்கும் மேல. பாவம், வண்டிக்கு யாரும் சொல்லலை” என்றார் பெரியவர்.

சுமப்பது ஸ்பிரிங்... அடக்குவது ஷாக்!

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். ஸ்பிரிங் வேறு, ஷாக் வேறு. இரண்டுக்கும் வேறு வேறு வேலை.

எடையைச் சுமப்பது ஸ்பிரிங். ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக அமுங்க வேண்டும், எவ்வளவு வேகமாக விரிய வேண்டும் என்பதை அடக்கி ஆள்வது ஷாக். ஷாக்கின் உள்ளே ஆயில் நிறைந்த குழாயும் அதில் மேலும் கீழும் போகும் பிஸ்டனும் இருக்கின்றன. பிஸ்டனில் இருக்கும் சின்னத் துவாரங்கள் வழியாக ஆயில் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். அந்த நெருக்கடிதான் வண்டியின் குதியாட்டத்தை அடக்குகிறது.

பயண வண்டிகள் பலவற்றில் பின்பக்க எடையைச் சுமப்பவை, முறுக்கிய கம்பிபோல இரு பக்கமும் இருக்கும் டார்ஷன் ஸ்பிரிங்குகள். அந்த வண்டிகளில் பின் ஷாக் எடையைச் சுமப்பதே இல்லை. ஸ்பிரிங் பலவீனமாக இருக்கும்போது விலை உயர்ந்த ஷாக்கை மட்டும் போட்டால், கணுக்கால் சுளுக்குக்குக் கைக்குக் கட்டுப் போட்ட கதைதான்.

அப்படியானால் ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு ஒரு டேப் போதும். பெரியவர் செய்தது இதைத்தான்.

வண்டியின் பின்பக்கத்தைக் கையால் தூக்கி, சஸ்பென்ஷன் முழுக்க விரிந்திருக்கும்போது தரையிலிருந்து பின் பம்பர் வரை அளந்தார். பிறகு இருவரையும் முழு உடுப்போடு, பெட்டியோடு உட்காரச் சொல்லி மறுபடி அளந்தார். வித்தியாசம், ஆட்கள் உட்கார்ந்ததால் வண்டி எவ்வளவு இறங்கியது என்பதைச் சொல்லும். மொத்தப் பயணத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கலாம் என்பது பொதுவான கணக்கு. 35 சென்டிமீட்டர் பயணம் என்றால், 9 முதல் 12 சென்டிமீட்டர்.

இவர்கள் வண்டி 18 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. கிளம்பும் முன்பே பாதிப் பயணம் செலவு!

ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் கட்டையைத் திருப்பி, அதிகபட்சக் கடினத்தில் வைத்துப் பார்த்தார். அப்போதும் 15. இங்கே இன்னொரு தவறான நம்பிக்கையும் உடைந்தது. அந்தக் கட்டையைத் திருப்புவதால் ஸ்பிரிங் வலுவாகிவிடாது. ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைப்பதால், வண்டி உயரமாக நிற்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு சென்டிமீட்டர் அமுக்கத்துக்கும் அது காட்டும் எதிர்ப்பு பழையபடியேதான் இருக்கும். அதிகபட்சத்தில் வைத்தும் அளவுக்குள் வரவில்லை என்றால், தடித்த ஸ்பிரிங்தான் வழி. அதன் விலை, நல்ல ஷாக்கின் விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

முதல் பள்ளம் சரி... ஐந்தாவது பள்ளத்தில் ஏன்?

ஸ்பிரிங் மாற்றியாயிற்று. மேலே ஏறி உட்கார்ந்து அளந்தால் 11 சென்டிமீட்டர். அப்படியானால் ஷாக்குக்கு வேலையில்லையா?

பெரியவர் மனைவியிடம் கேட்டார். “கிளம்பினதுமே அடி தட்டுமா, இல்ல போகப் போகவா?”

“காலையில பரவாயில்ல. ஒரு மணி நேரம் போனப்புறம்தான் மோசம். அதுவும் வரிசையா பள்ளம் வந்தா, முதல் ரெண்டு மூணு தெரியாது. அப்புறம் வர்றதுதான் கொல்லும்.”

பின்னால் உட்கார்ந்து வாங்கியவர் சொன்ன இந்தப் பதிலில் இரண்டு கோளாறுகளும் வெளிவந்துவிட்டன.

முதலாவது, சூடு. ஷாக் அடக்கும் அசைவெல்லாம் ஆயிலில் வெப்பமாகச் சேர்கிறது. வெளியே மைனஸ் 20 டிகிரி என்றாலும், பள்ளங்களில் ஓயாமல் வேலை செய்யும் ஷாக் சூடாகத்தான் செய்யும். சூடானால் ஆயில் நீர்த்துப்போகும். ஆயிலோடு காற்று கலந்தால் நுரைக்கும். துவாரத்தில் நெருக்கியடித்துப் போக வேண்டிய ஆயில், நுரையாக எளிதில் நழுவிவிடும். காலையில் இருந்த பிடிப்பு மதியம் இருக்காது. ஆயில் பழசாகவும், சீல் தேய்ந்தும் இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இரண்டாவது, திரும்பும் வேகம். அமுங்கிய ஷாக் அடுத்த பள்ளத்துக்குள் விரிந்து தயாராக வேண்டும். மெதுவாக விரிந்தால், பாதி விரிவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். அங்கிருந்து இன்னும் அமுங்கும். இப்படி ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்துகொண்டே போய், ஐந்தாவது பள்ளத்தில் ‘டங்!’ அதனால், ‘அடி தட்டுகிறதா, எல்லாத்தையும் டைட் பண்ணு’ என்பது தீர்வாகாது. விரிவதையும் சேர்த்து இறுக்கிவிட்டால் நிலைமை மோசமாகும்.

இவர்கள் வண்டியில் இருந்தது, பிரித்துச் சரிசெய்ய முடியாதபடி மூடி முத்திரையிட்ட வகை ஷாக். அதனால்தான் மாற்ற வேண்டியிருந்தது. புதிதாக வந்ததில் மூன்று விஷயங்களைப் பெரியவர் உறுதி செய்துகொண்டார். அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன் வாயுவும், அதை ஆயிலிலிருந்து பிரிக்கும் தனிப் பிஸ்டனும் இருக்க வேண்டும். அப்போதுதான் ஆயில் நுரைக்காது. பக்கத்தில் ஒட்டியபடி ஆயிலுக்குக் கூடுதல் அறை ஒன்று இருக்க வேண்டும். ஆயில் அதிகம் இருந்தால் சூடாக நேரமாகும். அமுங்குவதையும் விரிவதையும் தனித்தனியாகத் திருகி மாற்றும் வசதி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரித்து ஆயில் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். நிறைய ஓட்டுபவர்கள் சீசனுக்கு ஒருமுறை இதைச் செய்துவிடுவார்கள்.

கணவர் தானே பிரித்துப் பார்க்கும் ஆசையைச் சொன்னபோது பெரியவர் கறாராக மறுத்துவிட்டார். உள்ளே இருப்பது உயர் அழுத்த வாயு. டார்ஷன் ஸ்பிரிங்கும் அப்படித்தான். உரிய கருவி இல்லாமல் கழற்றினால், நழுவி விரலைப் பதம்பார்த்துவிடும். “அளக்கிறதும் திருகுறதும் உங்க வேலை. பிரிக்கிறது என் வேலை” என்று முடித்துக்கொண்டார்.

ஒரு பிளாஸ்டிக் டேக் சொன்ன உண்மை

வண்டியை ஒப்படைக்கும்போது, பின் ஷாக்கின் பளபளப்பான தண்டில் ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் டேக் ஒன்றை மாட்டிவிட்டார் பெரியவர். ஷாக் அமுங்கும்போது டேக்கையும் தள்ளிக்கொண்டு போகும். விரியும்போது டேக் அங்கேயே நின்றுவிடும். பயணம் முடிந்து குனிந்து பார்த்தால், அன்றைக்கு அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்பது தெரிந்துவிடும்.

முதல் வாரம் போய்வந்ததும் டேக், கடைசி எல்லைக்கு ரொம்பவே முன்னால் நின்றிருந்தது. கணவருக்கு சந்தோஷம். மனைவிக்கு இல்லை. “டங் இல்ல. ஆனா, சின்னச் சின்ன மேட்டுக்கெல்லாம் குலுக்குது” என்றார். அமுங்குவதைத் தேவைக்கு மேல் இறுக்கியிருந்தார்கள். இருக்கிற பயணத்தைப் பயன்படுத்தாத சஸ்பென்ஷனும் முதுகுக்கு நல்லதல்ல. இரண்டு கிளிக் தளர்த்தினார்கள். அடுத்த வாரம் இன்னும் ஒன்று. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதே தடத்தில், அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது.

மூன்றாவது வாரம் டேக், எல்லைக்குச் சற்று முன்னால் நின்றது. நல்ல செட்டிங்குக்கு அதுதான் அடையாளம். சாதாரணத் தடத்தில் பயணத்தின் பெரும்பகுதியைப் பயன்படுத்த வேண்டும்; எதிர்பாராத பெரிய பள்ளத்துக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். சீசன் முழுக்க ஒருமுறைகூட அடிப்பக்கத்தை நெருங்கவே இல்லை என்றால், வண்டி தேவைக்கு மேல் கடினமாக இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு சின்னச் சிக்கல் இருந்தது. இருவருக்காகச் செய்த செட்டிங்கில் கணவர் தனியாக ஓட்டினால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, ஸ்கீகளின்மேல் பாரம் கூடி, ஹேண்டில் கனக்கும். அதற்கு மனைவி ஒரு வழி செய்தார். சீட்டுக்கு அடியில் மார்க்கரால் இரண்டு வரி எழுதிவைத்தார். ‘ஒருவர்: கட்டை 1, கிளிக் 6. இருவர்: கட்டை 2, கிளிக் 11.’ கிளம்பும் முன் திருப்ப இரண்டு நிமிடம்.

இப்போது பள்ளம் தெரிந்தால் கணவர் இடது கையைக் கொஞ்சம் உயர்த்துகிறார். பின்னால் இருப்பவர் கால்களை ஊன்றித் தயாராகிக்கொள்கிறார். எந்த ஷாக்காலும் செய்ய முடியாத வேலை அது. பைசா செலவும் இல்லை.

ஸ்னோமொபைலை வாழ்நாளில் பார்க்காதவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. பைக்கின் பின் ஷாக்கில் இருக்கும் அந்தத் திருகு வளையத்தை, வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒருமுறையாவது திருப்பியிருக்கிறீர்களா? அன்று தனியாக ஓட்டிய நீங்கள், இன்று மனைவியும் குழந்தையும் பையுமாகப் போய்க்கொண்டிருக்கலாம். அது வண்டிக்குத் தெரியாது. சர்வீஸுக்கு விடும்போது, ‘இத்தனை பேர், இவ்வளவு எடை’ என்று மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பின்சீட்டில் இருப்பவரிடம், ‘எங்கே தூக்கிப்போடுது?’ என்றும் கேளுங்கள். சரியான பதில் பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும்!